ஒரே நிரல், வேறு வேறு கம்பைலர்: கணித நூலகம் கட்டும்போது எங்கே சறுக்குகிறது?

இரணைமடுவுக்கு ஓர் இரவில் எவ்வளவு நீர் வந்து சேரும் என்பது, 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, வன்னியில் யாருக்கும் வெறும் ஏட்டுக் கேள்வியாகத் தோன்றாது. படுகையில் விழும் மழையிலிருந்து குளத்து வரத்தைக் கணிப்பதற்கும், மாரி மழையையே முன்கூட்டிக் கணிப்பதற்கும் உலகெங்கும் பயன்படும் மாதிரிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. படுகை நீரியலுக்கு ஸ்வாட், வானிலைக்கு டபிள்யூஆர்எஃப். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ, பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டு ஆய்வுக்கு இவற்றில் ஒன்றை எடுக்கும் மாணவர் முதலில் திணறுவது நீரியலில் அல்ல, மூலநிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும் இடத்தில். ஆய்வுகூடக் கணினியில் சிக்கலின்றிக் கட்டப்பட்ட அதே நிரல் சொந்த மடிக்கணினியில் நூறு பிழைச் செய்திகளைக் கொட்டுகிறது. பிழையே வராமல் கட்டப்பட்டால் அதைவிடத் தலைவலி: விடை எட்டாம் தசமதானத்தில் மாறுகிறது, அல்லது ஓடிக்கொண்டிருந்தது பாதியில் செத்துப்போகிறது.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். மூலநிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர். மாதிரி அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்தத் துணைநிரல்களின் தொகுப்பான நூலகத்தின் ஒரு பகுதியை ஒரு கம்பைலரும் இன்னொரு பகுதியை வேறொரு கம்பைலரும் மொழிபெயர்த்திருக்கின்றன; அவை இரண்டும் ஒன்றோடொன்று பேசும் முறையில் உடன்படவில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட கம்பைலர் எதற்கு?

கணித மென்பொருளில் மூன்று தலைமுறை மொழிகள் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. ஃபோர்ட்ரான் 1957 இல் ஐபிஎம் வெளியிட்ட மொழி. சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்கும் லாபாக் நூலகம் 1992 இல் அதில்தான் வெளிவந்தது. இன்றும் அதில்தான் இருக்கிறது. அதற்கு அடியில் தாயப் (மேட்ரிக்ஸ்) பெருக்கத்தைச் செய்யும் ஓபன்பிளாஸ் போன்றவை சி மொழியிலும் அசெம்பிளியிலும் எழுதப்பட்டவை. மேலே வரும் புதிய நூலகங்கள் பல சி++ மொழியில் உள்ளன. ஆகவே ஒரு நூலகத்தைக் கட்ட மூன்று மொழிக்கும் மூன்று கம்பைலர் தேவை.

இந்த மூன்றும் பொதுவாக ஒரு குடும்பமாகவே கிடைக்கும். ஜிஎன்யு குடும்பத்தில் ஜிசிசி, ஜி++, ஜிஃபோர்ட்ரான். எல்எல்விஎம் குடும்பத்தில் கிளாங், கிளாங்++, ஃபிளாங். இன்டெல் குடும்பத்தில் ஐசிஎக்ஸ், ஐசிபிஎக்ஸ், ஐஎஃப்எக்ஸ். இன்டெலின் பழைய சி கம்பைலரான ஐசிசியும் பழைய ஃபோர்ட்ரான் கம்பைலரான ஐஃபோர்ட்டும் நிறுத்தப்பட்டுவிட்டன. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் இன்னும் அந்தப் பெயர்களையே சொல்வதால், அவற்றை அப்படியே பின்பற்றுகிறவர் இல்லாத நிரலைத் தேடிக்கொண்டிருப்பார்.

குடும்பம் கலப்பது எப்போதும் வேண்டுமென்று நடப்பதில்லை. மக் கணினியில் ‘ஜிசிசி’ என்று தட்டினால் வேலை செய்வது உண்மையில் ஆப்பிளின் கிளாங். ஆப்பிள் ஃபோர்ட்ரான் கம்பைலர் தருவதில்லை என்பதால் ஜிஃபோர்ட்ரானைத் தனியே நிறுவுகிறோம். அங்கேயே இரண்டு குடும்பம் ஆகிவிட்டது. விண்டோஸில் மைக்ரோசொஃப்டின் சி கம்பைலருக்கும் ஃபோர்ட்ரான் துணை கிடையாது. அங்கும் அதே கதை.

உடன்பாடு எங்கே முறிகிறது?

கம்பைலர் ஒவ்வொரு மூலக் கோப்பையும் தனித்தனி இலக்குக் கோப்பாக மாற்றுகிறது. பிறகு லிங்கர் வந்து அவற்றைக் கோக்கிறது. ஒரு கோப்பில் உள்ள நிரல் இன்னொரு கோப்பில் உள்ள துணைநிரலை அழைக்கும்போது, பெயர் எப்படி எழுதப்படும், அளவுருக்கள் எந்த வரிசையில் எங்கே வைக்கப்படும், விடை எங்கே திரும்பி வரும் என்பன முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தத் தீர்மானங்களின் தொகுதிதான் ஏபிஐ (அப்ளிகேஷன் பைனரி இன்டர்ஃபேஸ், ABI). சி மொழிக்கு ஒவ்வொரு இயங்குதளத்திலும் உறுதியான ஒரே ஏபிஐ உண்டு. ஃபோர்ட்ரானுக்கு அப்படி ஒன்றை யாரும் எழுதிவைக்கவில்லை. ஒவ்வொரு கம்பைலரும் தனக்குத் தோன்றியபடி செய்தது. முறிவுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

1. பெயர். ஃபோர்ட்ரானில் ‘டிஜெம்’ என்று எழுதப்பட்ட தாயப் பெருக்கத் துணைநிரல், இலக்குக் கோப்பில் பெரும்பாலான கம்பைலர்களால் சிறிய எழுத்தில், பின்னால் ஒரு கீழ்க்கோட்டுடன் பதிவாகிறது. சில கம்பைலர்கள் கீழ்க்கோட்டைச் சேர்ப்பதில்லை. பழைய ஜி77, பெயருக்குள் ஏற்கெனவே ஒரு கீழ்க்கோடு இருந்தால் இறுதியில் இரண்டு சேர்க்கும். பொருந்தாவிட்டால் லிங்கர் ‘வரையறுக்கப்படாத குறிப்பு’ என்று சொல்லி நின்றுவிடும். எல்லாருக்கும் பயமூட்டும் பிழை இதுதான். ஆனால் இதுவே மிக நல்ல பிழை: சத்தமாக வருகிறது, கட்டும்போதே வருகிறது.

2. மறைந்து வரும் நீளம். இது சத்தமில்லாத வகை. அதனால் சற்று நின்று பார்க்க வேண்டும். டிஜெம்மை அழைக்கும்போது, தாயத்தை நிலைமாற்ற வேண்டுமா என்பதை ‘என்’ அல்லது ‘டி’ என்ற ஒற்றை எழுத்தால் சொல்கிறோம். ஃபோர்ட்ரானில் எழுத்துச் சரம் ஒவ்வொன்றுக்கும் அதன் நீளத்தையும் கம்பைலர் தானாக, அளவுருப் பட்டியலின் கடைசியில், கண்ணுக்குத் தெரியாமல் சேர்த்து அனுப்புகிறது. சி மொழியிலிருந்து அழைப்பவர்கள் இந்த நீளத்தைப் பல்லாண்டுகளாக விட்டுவிட்டே எழுதினார்கள். நீளம் எப்போதும் ஒன்றுதான், அழைக்கப்படும் துணைநிரலும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை என்பதால் ஒன்றும் கெடவில்லை. 2019 இல் புதிய ஜிஃபோர்ட்ரான் வந்ததும் கெட்டது. ஒரு துணைநிரல் தன் இறுதி வேலையாக இன்னொன்றை அழைத்தால், தனக்கு வந்த அளவுருக்களின் இடத்தையே மீளப் பயன்படுத்தும் வேக உத்தியை அது கையாண்டது. சி நிரல் ஒதுக்காத இடத்தில் ‘நீளம்’ எழுதப்பட்டு, அங்கிருந்த வேறு தரவு அழிந்தது. புள்ளியியல் கணிப்புக்கான ஆர் மொழியைப் பராமரிப்பவர்களிடம் இது பிழையாக வந்து சேர்ந்தது. ஜிசிசி தரப்பு, இந்த உத்தியைத் தவிர்க்கும் தெரிவு ஒன்றைச் சேர்த்தது. போதாததற்கு, அந்த மறைந்த நீளத்தின் அகலமே ஜிஃபோர்ட்ரான் 8 ஆம் பதிப்பிலிருந்து மாறியது. ஆக, ஒரே குடும்பத்தின் இரண்டு பதிப்புகள்கூட ஒன்றுக்கொன்று அந்நியமாக இருக்கலாம்.

3. நிறைவெண்ணின் அகலம். நூலகத்தை 32 பிட் நிறைவெண்ணுக்கும் கட்டலாம், 64 பிட்டுக்கும் கட்டலாம். அழைப்பவர் ஒன்றையும் நூலகம் மற்றொன்றையும் எதிர்பார்த்தால், லிங்கர் ஒரு சொல்லும் சொல்லாது, பெயர் ஒன்றுதானே. யாழ்ப்பாணத்தார் பரப்பில் (16 பரப்பு ஓர் ஏக்கர்) சொன்ன கணக்கை வன்னியார் ஏக்கரில் எழுதிக்கொண்டது போன்றது இது: எண் சரியாகவே கைமாறுகிறது, காணி 16 மடங்கு பெருத்துவிடுகிறது. இன்டெலின் கணித நூலகமான எம்கேஎல் இந்த இரண்டு அகலத்துக்கும் தனித்தனிக் கோப்புகளைத் தருகிறது. ஜிஃபோர்ட்ரானுக்கென்று வேறொரு இடைமுகக் கோப்பையும் தருகிறது. சிக்கலெண்ணை விடையாகத் திருப்பித் தரும் முறை அங்கே வேறு.

4. மொட்யூல் கோப்பு. ஃபோர்ட்ரான் 90 இலிருந்து வந்த மொட்யூல்களை (பல கோப்புகள் பகிரும் வரையறைத் தொகுதிகள்) கம்பைலர் தனக்கே உரிய வடிவில் சேமிக்கிறது. ஜிஃபோர்ட்ரான் எழுதியதை ஐஎஃப்எக்ஸ் படிக்காது. டபிள்யூஆர்எஃப் கட்டுகிறவர்கள் அதிகம் சந்திக்கும் செய்தி இது: தரவுக் கோப்புகளைக் கையாளும் நெட்சிடிஎஃப் நூலகத்தின் மொட்யூல் கோப்பைப் படிக்க முடியவில்லை, அது ஜிஎன்யு ஃபோர்ட்ரானின் வேறொரு பதிப்பால் உருவாக்கப்பட்டது.

5. சி++ பக்கம். ஜிசிசி தரும் நியம நூலகமும் எல்எல்விஎம் தரும் நியம நூலகமும் வேறு வேறு. 2015 இல் வந்த ஜிசிசி 5, தன் சொந்தச் சர வகையின் உள்வடிவத்தையே மாற்றியது. இடைமுகத்தை வெறும் சி அழைப்புகளாக வைத்திருக்கும் நூலகங்களுக்கு இந்த வில்லங்கம் இல்லை.

ஆகவே எதை முதலில் தெரிவுசெய்வது?

பெரும்பாலான வழிகாட்டிகள் சி கம்பைலரிலிருந்து தொடங்குகின்றன. தலைகீழாகத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. முதலில் ஃபோர்ட்ரான் கம்பைலரையும் அதன் பதிப்பையும் முடிவுசெய்யுங்கள். ஃபோர்ட்ரான் மொட்யூல் எதையும் தொடும் பகுதிகள் எல்லாவற்றையும் அந்த ஒன்றாலேயே கட்டுங்கள். வெறும் சி இடைமுகம் கொண்டவற்றை இயங்குதளம் தரும் ஆயத்தப் பொதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

டபிள்யூஆர்எஃப் சங்கிலியில் இது தெளிவாகத் தெரியும். அடியில் தரவைச் சுருக்கும் ஸெட்லிப், அதன்மேல் தரவுக் கோப்புகளைக் கையாளும் எச்டிஎஃப்5, அதன்மேல் நெட்சிடிஎஃப் சி நூலகம், அதன்மேல் நெட்சிடிஎஃப் ஃபோர்ட்ரான் நூலகம், உச்சியில் மாதிரி. முதல் மூன்றையும் லினக்ஸ் வகையான உபுண்டுவின் பொதிகளாக நிறுவினால் போதும்; எந்த ஃபோர்ட்ரான் கம்பைலரை எடுத்தாலும் அவை ஒத்துழைக்கும். நான்காவதையும் ஐந்தாவதையும் மட்டும் ஒரே கம்பைலர் கட்ட வேண்டும். ஐந்தையும் மூலத்திலிருந்து கட்டச் சொல்லும் வழிகாட்டி பிழையானதல்ல. கைப்பேசித் தரவில் பதிவிறக்குகிறவருக்கு அது வீண் செலவு. இன்டெல் தொகுதியை நிறுவுவதற்கே சில ஜிபி போகும். ஆய்வுகூடத்தில் யாராவது ஒருவர் இறக்கி, பென்டிரைவில் பகிர்வது நடைமுறைக்கு ஏற்றது.

கட்டும் கருவிக்குச் சொல்வது எப்படி?

கன்ஃபிகர் நிரலோ சிமேக்கோ, நாம் எதுவும் சொல்லாவிட்டால், கணினியில் முதலில் கண்ணில் படும் கம்பைலரை எடுத்துக்கொள்கின்றன. மூன்று மொழிக்கும் தனித்தனியாகத் தேடுவதால், கண்ணில் படும் மூன்றும் ஒரே குடும்பமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சி, சி++, ஃபோர்ட்ரான் கம்பைலர்களின் பெயரை முறையே ஏற்கும் சிசி, சிஎக்ஸ்எக்ஸ், எஃப்சி என்ற மூன்று சூழல் மாறிகளையும் (கட்டும் கருவி இயங்குதளத்திலிருந்து படிக்கும் அமைப்புகள்) நாமே நிரப்பிவிட வேண்டும். இரண்டை நிரப்பி ஒன்றை விடுவது, மூன்றையும் விடுவதைவிட மோசம். நிரப்பியாயிற்று என்ற நம்பிக்கையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய கன்ஃபிகர் நிரல்கள் சில எஃப்77 என்ற நான்காவது மாறியையும் பார்க்கும்.

சிமேக்கில் ஒரு பொறி இருக்கிறது. முதல் ஓட்டத்தில் கண்டுபிடித்த கம்பைலரை அது கட்டும் கோப்புறையில் குறித்துவைத்துக்கொள்கிறது. பிறகு நீங்கள் சூழல் மாறியை மாற்றினாலும் அது பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். கம்பைலர் மாறினால் புதிய கோப்புறையில் தொடங்குங்கள். ‘ஜிஎன்யு-13’, ‘இன்டெல்’ என்று கோப்புறைக்கே பெயரிட்டுவிட்டால் இரண்டு கட்டுமானமும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே இருக்கும். சமன்பாடுகளைத் தீர்க்கும் பெட்சி நூலகம் இந்த வழக்கத்தைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது: ஒரே மூலத்திலிருந்து எத்தனை கட்டுமானம் வேண்டுமானாலும் செய்து, ஒரு மாறியின் மூலம் எது வேண்டும் என்று சொல்லலாம்.

பல கணினிகளில் பங்கிட்டு ஓடும் மாதிரிகளுக்கு, கணினிகளிடையே செய்தி பரிமாறும் எம்பிஐ தேவை. அங்கே ‘எம்பிஐசிசி’ என்பது தனிக் கம்பைலர் அல்ல. உண்மையான கம்பைலருக்குச் சில தெரிவுகளைச் சேர்த்து அழைக்கும் போர்வை. அதன் உள்ளே யார் இருக்கிறார் என்று கேட்க வழி உண்டு: எம்பிஐயின் இரு வடிவங்களில் எம்பிச் என்றால் ‘ஷோ’ தெரிவு, ஓபன் எம்பிஐ என்றால் ‘ஷோமீ’ தெரிவு. கட்டத் தொடங்கும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சூழல் மாறிகளில் இன்டெல், போர்வைக்குள் ஜிஎன்யு என்ற குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

நேற்றுக் கட்டியது இன்று ஏன் கட்டவில்லை?

உபுண்டு 20.04 உடன் வருவது ஜிசிசி 9. 22.04 உடன் ஜிசிசி 11. 24.04 உடன் ஜிசிசி 13. நடுவில் 10 ஆம் பதிப்பில் ஜிஃபோர்ட்ரான் கண்டிப்பானது: ஒரே துணைநிரலை ஓரிடத்தில் ஓர் எண்ணோடும் மற்றோரிடத்தில் வேறு வகை அளவுருவோடும் அழைத்தால், முன்பு எச்சரிக்கையோடு விட்டது, இப்போது பிழை என்று நிறுத்துகிறது. பழைய அறிவியல் நிரல்களில் இத்தகைய அழைப்புகள் மலிந்து கிடக்கின்றன. சீனியர் மாணவர் விட்டுச்சென்ற நிரல் புதிய மடிக்கணினியில் கட்டாததற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ‘அளவுருப் பொருந்தாமையை அனுமதி’ என்ற தெரிவைக் கொடுத்தால் பழைய நடத்தை திரும்பும். கட்டிய மென்பொருளையே கோப்பாக நகலெடுத்து வந்தாலும் தடை வரலாம்: ஓடுவதற்குத் தேவையான லிப்ஜிஃபோர்ட்ரான் கோப்பு, ஜிசிசி 6 வரை 3 ஆம் இலக்கம், 7 இல் 4 ஆம் இலக்கம், 8 இலிருந்து 5 ஆம் இலக்கம்.

விடை ஏன் மாறுகிறது?

நூலகம் பிழையின்றிக் கட்டப்பட்டுவிட்டது. இரண்டு கம்பைலரின் விடையும் கடைசி இலக்கங்களில் ஒத்துவரவில்லை. பெரும்பாலும் இரண்டும் ‘சரி’யாகவே இருக்கும்.

கணினியின் இரட்டைத் துல்லிய எண்ணில் ஏறத்தாழ 16 தசம இலக்கங்களுக்கே இடமுண்டு. 10¹⁶ உடன் 1 ஐக் கூட்டி, பிறகு 10¹⁶ ஐக் கழித்தால் விடை 0. முதலில் கழித்துவிட்டு 1 ஐக் கூட்டினால் விடை 1. கூட்டல் வரிசையை மாற்றும் உரிமையைக் கம்பைலருக்குக் கொடுத்தால் விடை மாறாமல் எப்படி இருக்கும்? ‘வேகக் கணிதம்’ என்ற தெரிவு கொடுப்பது அந்த உரிமையைத்தான். ஜிசிசியில் நாம் கேட்டால்தான் அது வரும். இன்டெல் கம்பைலரில் இயல்பு நிலையே கொஞ்சம் தளர்ந்தது; கண்டிப்பு வேண்டுமென்றால் நாம் கேட்க வேண்டும். ‘ஒரே தெரிவுகளைத்தான் கொடுத்தேன்’ என்று சொல்கிறவர் இதைக் கவனிப்பதில்லை. எதுவும் கொடுக்காமல் விட்ட இடத்தில் இரண்டு கம்பைலரும் வெவ்வேறாகப் புரிந்துகொள்கின்றன.

இன்னொரு காரணம் எஃப்எம்ஏ. பெருக்கி, கூட்டி, ஒரே ஒருமுறை மட்டும் மட்டந்தட்டும் செயலி அறிவுறுத்தல் இது. வேகமானது, துல்லியமும் கூடியது. ஆனால் இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டியைப் பாருங்கள்: பி² − 4ஏசி. இரண்டு உறுப்பும் சமமாகி விடை பூச்சியம் வரவேண்டிய இடத்தில், ஒரு பெருக்கம் மட்டந்தட்டப்பட்டும் மற்றது தட்டப்படாமலும் கழிக்கப்பட்டால், நுண்ணிய மறை எண் ஒன்று வரலாம். அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் ‘எண் அல்ல’. அந்த ஒரு பெறுமானம் அடுத்தடுத்த கூட்டல்களில் பரவி முழுத் தாயத்தையும் கெடுத்துவிடும். அதே நிரல் எஃப்எம்ஏ பயன்படுத்தாத கட்டுமானத்தில் நல்லபடியாக ஓடும்.

‘இந்தக் கணினிக்கென்றே உருவாக்கு’ என்னும் மார்ச்-நேட்டிவ் தெரிவும் எஃப்எம்ஏயை உள்ளே கொண்டுவரும். அதற்கு இன்னொரு விலையும் உண்டு. ஆய்வுகூடத்துப் புதிய இயந்திரத்தில் அப்படிக் கட்டியதைப் பழைய மடிக்கணினியில் ஓடவிட்டால், ‘செல்லாத அறிவுறுத்தல்’ என்று உடனே விழுந்துவிடும். பல வயதுக் கணினிகள் கலந்திருக்கும் இடத்தில் இந்தத் தெரிவைத் தவிர்ப்பதே நல்லது. வேகத்தின் பெரும் பங்கு தாயப் பெருக்கத்தில்தான் இருக்கிறது. ஓபன்பிளாஸை ‘டைனமிக் ஆர்க்’ தெரிவுடன் கட்டினால், ஓடும் நேரத்தில் செயலியைப் பார்த்து ஏற்ற பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும். உபுண்டு தரும் பொதி அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இரண்டு இழை இயக்கிகள்

ஒரே கணினியில் வேலையைப் பல இழைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் ஓபன்எம்பி முறையில் எழுதிய நிரலுக்கு, ஓடும்போது துணைநிற்கும் ஒரு நூலகம் வேண்டும். ஜிஎன்யுவுக்கு லிப்கோம்ப், இன்டெலுக்கு லிபியோம்ப்5, எல்எல்விஎம்முக்கு லிபோம்ப். மாதிரியை ஜிசிசியிலும் தாய நூலகத்தை இன்டெலிலும் கட்டினால் இரண்டும் ஒரே நிரலுக்குள் வந்து உட்காரும். ஒவ்வொன்றும் தானே எஜமான் என்று நினைத்து இழைகளை உருவாக்கும். நான்கு கருச் செயலியில் எட்டு இழை முண்டியடிக்கும்.

இன்டெல் இயக்கி தன் இனத்தில் இரண்டாவது பிரதியைக் கண்டால் 15 ஆம் இலக்கப் பிழையைச் சொல்லி நிரலை நிறுத்திவிடும். அதை அடக்க ஒரு சூழல் மாறி உண்டு. இணையத்தில் கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத்தான் சொல்வார்கள். அந்தப் பிழைச் செய்தியை இறுதிவரை படித்தால், இந்த வழி பாதுகாப்பற்றது, ஆதரவற்றது, சத்தமின்றிப் பிழையான விடை தரக்கூடும் என்று அதுவே சொல்லியிருக்கும். குள மட்டத்தைக் கணிக்கும் மாதிரியில் அதைப் போடக்கூடாது. எம்கேஎல்லுக்கு ஜிஎன்யு இழைகளுக்கான கோப்பு தனியே இருக்கிறது. அதைக் கொண்டு மீளக் கட்டினால் இயக்கி ஒன்றாகிவிடும்.

கட்டி முடித்த பின்

நூலகத்தோடு வரும் சோதனைத் தொகுதியை ஓட்டாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. லாபாக்கின் சோதனைகள் இரண்டு விடையும் இலக்கத்துக்கு இலக்கம் ஒன்றா என்று பார்ப்பதில்லை. மீதிப் பிழை, இயந்திரத் துல்லியத்தோடு ஒப்பிடும்போது ஏற்கத்தக்க அளவுக்குள் இருக்கிறதா என்றே பார்க்கின்றன. இரண்டு கம்பைலரின் முடிவை ஒப்பிடுகிறவரும் அப்படித்தான் செய்ய வேண்டும். கடைசி இலக்க வேறுபாட்டைக் கண்டு பதறத் தேவையில்லை. சார்பு வேறுபாடு மூன்றாம், நான்காம் இலக்கத்துக்கு ஏறிவிட்டால், மேம்படுத்தல் தெரிவுகளைக் குறைத்து இரண்டு கம்பைலரிலும் மீண்டும் கட்டுங்கள். அப்போதும் வேறுபாடு அப்படியே நின்றால் நிரலிலேயே தொடக்கப் பெறுமானம் இடாத மாறி ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கம்பைலரில் அது தற்செயலாகப் பூச்சியமாக இருந்திருக்கும், மற்றதில் குப்பை. இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு கம்பைலரில் கட்டிப் பார்ப்பது பயனுள்ளது; ஒரு குடும்பம் மன்னித்துவிடும் பிழையை மற்றது காட்டிக்கொடுக்கும்.

ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் மாதிரியின் பெயரையும் பதிப்பையும் எழுதுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்று கம்பைலரின் பதிப்பு, கொடுத்த தெரிவுகள், தாய நூலகத்தின் பெயர், நிறைவெண் அகலம், எம்பிஐ போர்வை காட்டிய வரி ஆகிய ஐந்தையும் சேர்த்து எழுதுவதற்கு அரைப் பக்கம் போதும். கட்டிய மென்பொருளை வேறொருவரிடம் வாங்கும்போது ‘எல்டிடி’ கட்டளையை அதன்மேல் ஓட்டுங்கள். அது சார்ந்திருக்கும் நூலகங்கள் வரிசையாக வரும். அந்த வரிசையில் லிப்கோம்ப்பும் லிபியோம்ப்5உம் சேர்ந்து நின்றாலோ, லிப்ஜிஃபோர்ட்ரான் இரண்டு இலக்கங்களில் தெரிந்தாலோ, அந்தக் கோப்பை வைத்து ஒரு நாள் கணிப்பும் ஓட்டாமல் மூலத்தைக் கேட்டு வாங்குங்கள்.